சிவப்புத் தொட்டி நாடா

அந்த ஆய்வகத்தில் காலையில் வேலை தொடங்குவதற்கு முன்னால் உறுதிமொழி நடக்கும். எல்லோரும் முற்றத்தில் வரிசையாக நின்று, "என்னில் குறையில்லை, என் மேசையில் குறையில்லை, என் நாடாவில் குறையில்லை" என்று உரக்கச் சொல்ல வேண்டும். நடுவில் யாராவது தும்மிவிட்டால் உறுதிமொழியிலேயே குறை விழுந்துவிட்டதாகக் கொள்ளப்படும். முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். மழைக்காலத்தில் சளி பிடித்தவர்கள் பெருகும்போது உறுதிமொழி மதியச் சாப்பாடு வரை இழுத்துக்கொண்டு போனதுண்டு. அந்த நாட்களில் நாடா எதுவும் தயாராகாது. ஆகவே குறையுள்ள நாடா ஒன்றுகூடத் தயாராகவில்லை என்று தரப் பிரிவு அறிக்கை எழுதி, தன் முதுகில் தானே தட்டிக்கொள்ளும்.

இந்த வரிசையில் வெறுமனே வாயசைத்துக்கொண்டு நின்ற ஆராய்ச்சியாளரை எல்லோரும் நாடாக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளைவிட வயதில் மூத்தவர்களும் அப்படித்தான். அவளுடைய தம்பி அதே ஆய்வகத்தின் காந்தக்கூடத்தில் சுருள் சுற்றி இயக்குகிறவன். அவன் நாளெல்லாம் அக்கா அக்கா என்று ஏலம் போட்டதில் அது பொதுச்சொத்தாகிவிட்டது.

அவள் செய்வது மீகடத்தி நாடா. காகிதம் போல் மெல்லிய உலோகப் பட்டை, அதன்மேல் அதைவிட மெல்லிய பீங்கான் பூச்சு, எல்லாவற்றையும் மூடி ஒரு செம்பு உறை. கடுங்குளிரில் வைத்தால் அந்தப் பூச்சு வழியாக மின்சாரம் துளித் தடையும் இல்லாமல் ஓடும். சாதாரணக் கம்பியில் அவ்வளவு மின்சாரத்தை விட்டால் கம்பி உருகி வழிந்துவிடும். நாடாவைச் சுருளாகச் சுற்றினால் சொல்லி மாளாத வலுவுள்ள காந்தம் கிடைக்கும்.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. காந்தம் வலுக்க வலுக்க, அதன் புலம் மெல்லிய இழைகளாக நாடாவுக்குள்ளேயே புகுந்துவிடும். புகுந்தது சும்மா கிடந்தால் யாருக்கும் தொல்லையில்லை. மின்சாரம் ஓடும்போது இழைகள் வழுக்கி நகர ஆரம்பிக்கும், நகர்ந்தால் சூடு, சூடேறினால் மீகடத்தி வெறும் பீங்கானாகிவிடும். அதற்குள் அத்தனை மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது அப்படி ஆனால் என்ன நடக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. இதற்கு உலகமெங்கும் தெரிந்த மருந்து ஒன்றுதான். பூச்சுக்குள் வேறொரு பொருளைப் பொடிப்பொடியாகக் கலந்துவிட்டால் இழைகள் அந்தப் புள்ளிகளில் மாட்டிக்கொண்டு அசையாமல் நிற்கும். வழவழப்பான குளியலறைத் தரையில் வழுக்குகிற கால் சொரசொரப்பான தரையில் வழுக்குவதில்லை, அவ்வளவுதான் சங்கதி. புள்ளி எந்த அளவில் இருக்க வேண்டும், எவ்வளவு நெருக்கமாக விழ வேண்டும் என்று பார்ப்பதில்தான் நாடாக்காவின் காலம் போயிற்று.

தரத் தலைவரோ முகக்கண்ணாடித் தொழிற்சாலையிலிருந்து வந்தவர். அங்கே புள்ளி விழுந்தால் உடைத்துப் போடுவார்கள். இங்கே நாடாவை உடைக்க முடியாததால் நடைவழியின் கோடியில் ஒரு சிவப்புத் தொட்டி வைத்தார். ஒவ்வொரு நாடாவின் நுனியிலும் துண்டு வெட்டி நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பார். பக்கத்துப் பூச்சறையிலிருந்து வரும் நாடா பளிங்கு போல இருக்கும். அதற்குக் 'குறையற்றது' என்று பச்சை முத்திரை விழும். நாடாக்காவின் நாடா அம்மை போட்ட முகம் மாதிரி இருக்கும். அதற்கு 'நிராகரிக்கப்பட்டது' என்று சிவப்பு முத்திரை விழுந்து தொட்டிக்குப் போகும். முதல் தடவை அந்த முத்திரையைப் பார்த்தபோது அவள் கழிப்பறையில் போய் அழுதாள். பிறகு பழகிவிட்டது.

பழகாமல் போனது வேறொன்று. ஆய்வகத்தின் பெரிய காந்தத்துக்குள் வைக்கப் புதிதாக ஒரு சுருள் சுற்றி, அதை விருந்தினர் முன்னிலையில் முழு வலுவுக்கு ஏற்றிக் காட்டப்போவதாக அறிவிப்பு வந்தது. சுருள் முழுக்கப் பச்சை முத்திரை நாடா. சுற்றப்போவதும் இயக்கப்போவதும் தம்பி.

அன்று மாலை வீட்டில் அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே பேச்சை எடுத்தாள். தம்பி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான்.

"அந்தச் சுருள் தாங்காதுடா. பாதிப் புலம் தாண்டினதுமே இழையெல்லாம் வழுக்க ஆரம்பிச்சிடும். சூடாச்சுன்னா சுத்தி இருக்கிற குளிர்த் திரவம் மொத்தமும் ஒரே மூச்சுல ஆவியாயிடும். அந்தக் கூடத்துல மூச்சு விடக் காத்து இருக்காது."

"அதுக்குத்தானே நான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தனி அறையில உட்கார்றேன்."

"இந்தத் தடவை உன்னை உள்ளே நிக்க வெக்கப்போறாங்க."

அது அவனுக்கும் தெரிந்துதான் இருந்தது. இயக்குகிறவன் கண்ணாடிக்குப் பின்னால் நின்றால் புகைப்படத்தில் பிரதிபலிப்பு விழும், அது ஒரு குறை என்று தரத் தலைவர் முடிவு செய்திருந்தார். சுருளுக்குப் பக்கத்திலேயே, கை எட்டும் தூரத்தில், தரையில் வட்டம் வரைந்து அவன் நிற்கவேண்டிய இடத்தைக் குறித்துவிட்டார்கள்.

தம்பி குழாயை மூடினான். அவன் அந்த ஆய்வகத்தில் சேர்ந்த நாளிலிருந்து தற்காலிகம். தற்காலிகம் என்ற சொல்லுக்கே நரை விழுந்துவிட்டது. கட்டிக்கொள்ளப்போகிற பெண்ணின் அப்பா, வேலை நிரந்தரமாகாமல் கல்யாணப் பேச்சை எடுக்காதே என்று கறாராகச் சொல்லியிருந்தார். நிரந்தர ஆணையைக் காட்சி நாளில் மேடையிலேயே தருவதாக இயக்குநர் வாக்குக் கொடுத்திருந்தார்.

"நீ போய் இதை நிறுத்தினேன்னா எனக்கு எல்லாமே போச்சுக்கா," என்றான். "உன் நாடாவை ஒதுக்கிட்டாங்கன்னு உனக்கு ஆத்தாமை. அதைக் கொண்டாந்து என் தலையில கட்டாத."

அவளுக்குச் சுருக்கென்றது. வெங்காயத்தின் புண்ணியத்தில் கண்ணீருக்குக் காரணம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அதன்பின் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் வீட்டில் இருந்தது ஒரே வண்டி. காலையில் அவன் ஓட்ட, அவள் பின்னால் உட்கார்ந்து, இருவரும் உம்மென்று போய்ச் சேர்ந்து, குறையில்லை குறையில்லை என்று பக்கத்துப் பக்கத்தில் நின்று சொன்னார்கள்.

அவள் தரத் தலைவரிடம் போனாள். இரண்டு நாடாக்களையும் காந்தப் புலத்தில் வைத்துச் சோதித்துப் பார்க்கும்படி கேட்டாள். அவர் மறுக்கவில்லை. சோதனை என்ற சொல் அவருக்கு மிகவும் பிடித்த சொல். உடனே இரண்டையும் எடுத்துக்கொண்டு போய், காந்தமே இல்லாத அறையில் சோதித்தார். காந்தம் இல்லாத இடத்தில் பளிங்கு நாடா கூடுதல் மின்சாரம் தாங்கியது, தாங்கத்தான் செய்யும். நீச்சல்காரனைக் கட்டாந்தரையில் நடக்கவிட்டுப் பரிசு கொடுப்பது போன்ற காரியம் அது.

"காந்தத்துல வெச்சுப் பாருங்க சார்," என்றாள்.

"காந்தத்துக்குள்ள வைக்கணும்னா பச்சை முத்திரை வேணும்மா. உன் நாடாவுல முத்திரை இல்லையே."

"அப்ப காந்தத்துல எது தாங்கும்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?"

"முத்திரையைப் பார்த்துதான்."

தன் மேசைமேல் இருக்கும் சின்னக் காந்தத்தில் தானே பார்த்துவிட்டதாகச் சொன்னாள். அவர் முகம் சட்டென்று மாறியது. அந்தச் சின்னக் காந்தம் முத்திரை பெற்றதா என்று கேட்டார். இல்லை. மறுநாள் காலை அவள் வந்தபோது மேசையில் காந்தம் இருந்த இடத்தில் தூசியில் ஒரு சதுரம்தான் மிச்சமிருந்தது. பிறகு அதையும் துடைத்துவிட்டார்கள்.

அடுத்து குறைநீக்கக் குழு. நீண்ட மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெரியவர்களுக்கு அவள் இழைகள், புள்ளிகள், குளியலறைத் தரை எல்லாவற்றையும் விளக்கினாள். அவர்கள் மிகுந்த மரியாதையோடு கேட்டுக்கொண்டார்கள். நகக்கண் அளவு நாடாவில் எத்தனை புள்ளிகள் இருக்கும் என்று ஒருவர் விசாரித்தார். கோடிக்கணக்கில் என்றாள். அப்படியானால் ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனியாக விளக்கம் கேட்க வேண்டியிருக்கும், அதற்குக் குழுவுக்கு நேரமில்லை என்று அவர் வருத்தப்பட்டார். இன்னொருவர் இளகிய மனசுக்காரர். புள்ளி இருக்கட்டும், ஆனால் வரிசையாக, ஒரே அளவாக, நாடாவின் ஓரத்தில் யார் கண்ணிலும் படாமல் இருக்கட்டும் என்று சமரசம் சொன்னார்.

குழுவின் தலைவர் கடைசியாகத் தொண்டையைச் செருமிக்கொண்டார். "புலம் வலுவா இருக்கிறதாலதானே இந்தத் தொல்லையெல்லாம்? புலத்தைக் கொறைச்சுட்டா என்னம்மா? வலுவான காந்தம்னு பேர் இருந்தா போதாதா, வலுவும் வேணுமா?"

குழு மேசையைத் தட்டி ஆமோதித்தது. பேர் மட்டும் வைத்துக்கொண்டு புலத்தைக் குறைத்தாலாவது தம்பி பிழைப்பானே என்று நாடாக்கா ஒரு கணம் அந்தப் பைத்தியக்காரத்தனத்துக்கே சம்மதிக்கத் துணிந்தாள். அதற்குள், விருந்தினர் முழு வலுவைப் பார்க்கத்தான் வருகிறார்கள் என்பது யாருக்கோ நினைவுக்கு வந்து, யோசனை கைவிடப்பட்டது.

மிச்சமிருந்தது இயக்குநர். அவர் நல்ல மனிதர் என்று எல்லோரும் சொல்வார்கள். இதுவரை யாருக்கும் எதையும் இல்லை என்று சொன்னதில்லை. யாருக்கும் எதையும் செய்ததுமில்லை. அவள் சொன்னதையெல்லாம் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். ஆபத்து என்றாள். மூச்சுத் திணறும் என்றாள். உள்ளே நிற்பவன் என் தம்பி என்றாள். அவர் கண் கலங்கியது.

"உன் தம்பிகிட்ட சொல்லு, நான் ரொம்பப் பெருமைப்படறேன்னு," என்றார். "என் முப்பது வருஷ வேலையில நான் எந்த எந்திரத்துக்கும் பக்கத்துல போனதே கிடையாது. அதான் இன்னிக்கு இந்த நாற்காலியில இருக்கேன். அவனுக்குச் சின்ன வயசுலயே அந்த பாக்கியம் கிடைச்சிருக்கு."

காட்சி நாள் நெருங்க நெருங்கக் கூடத்தில் அலங்காரம் தொடங்கியது. காற்றில் உயிர்வாயு குறைந்தால் கத்துகிற எச்சரிக்கைக் கருவி சுவரில் அடிக்கடி சிவப்பாய்க் கண் சிமிட்டியது. பார்ப்பவர்களுக்கு ஏதோ குறை இருப்பது போன்ற எண்ணம் வரும் என்று அதன் இணைப்பைப் பிடுங்கினார்கள். அவசர வாசலுக்கு முன்னால் 'குறையற்ற எதிர்காலம்' என்று எழுதிய பெரிய திரை தொங்கியது. நாடாக்கா அந்தத் திரையை ஒதுக்கிவைப்பாள், போய்விட்டுத் திரும்பி வருவதற்குள் யாராவது இழுத்து மூடியிருப்பார்கள். தம்பி ஒரு ஓரத்தில் சுருள் சுற்றிக்கொண்டிருப்பான். செம்பு உறை போட்டுவிட்டால் எந்த நாடாவும் ஒன்று போலத்தான் இருக்கும். மின்னிக்கொண்டு சரசரவென்று சுருளில் ஏறும். அவள் வந்து நின்றால் அவன் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் அவள் மடியைவிட்டு இறங்காத பயல். அவன் முதுகைப் பார்த்துவிட்டு அவள் மறுபடி திரையை ஒதுக்கப் போவாள்.

காட்சி நாள் வந்தது. தம்பி புது வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு வட்டத்துக்குள் நின்றான். முன்வரிசையில் விருந்தினர், நடுவில் இயக்குநர், ஓரத்தில் தரத் தலைவர். நாடாக்காவுக்குக் கடைசி வரிசை. அவள் உட்காராமல் நேரே தம்பியிடம் போனாள்.

"வெளியே வந்துடுடா. உடம்புக்கு முடியலன்னு சொல்லு. நிரந்தரமும் வேணாம், ஒண்ணும் வேணாம். உன் காலைப் பிடிக்கிறேன்."

அவன் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "எல்லாரும் பாக்கறாங்கக்கா. போய் உட்காரு," என்று மட்டும் சொன்னான்.

அவள் கடைசி வரிசையில் உட்காராமல், சுவரோரம் போய் நின்றுகொண்டாள். அங்கே மின்சாரத்தை ஒரேயடியாக வெட்டிவிடும் பெரிய பொத்தான் இருந்தது. மேடையிலிருந்த கணினித் திரையில் ஒரு பச்சைக்கோடு ஓடிக்கொண்டிருந்தது. சுருளில் தடை தலைகாட்டினால் கோடு எழும்பும். எழும்பினால் அடுத்த கணமே பொத்தானை அடித்துவிடுவது, தம்பியின் கல்யாணமும் போகட்டும் தன் வேலையும் போகட்டும் என்று அவள் முடிவு கட்டியிருந்தாள். பொத்தான்மேல் ஒரு மாலையைத் தொங்கவிட்டிருந்தார்கள். அவள் யாரும் பார்க்காதபோது மாலையை நகர்த்தினாள்.

மின்சாரம் ஏறத் தொடங்கியது. கால் வலு. கோடு படுத்த படுக்கையாகக் கிடந்தது. இயக்குநர் எழுந்து பேசத் தொடங்கினார். பாதி வலுவில் நிறுத்தச் சொல்லி, குறை என்பது மனிதனின் சோம்பல் என்று விளக்கினார். நாடாக்கா பேச்சைக் கேட்கவில்லை. அவள் கணக்குப்படி கோடு இந்நேரம் அசைந்திருக்க வேண்டும். விரல்கள் பொத்தானின் விளிம்பில் இருந்தன. முக்கால் வலு. சுருளைத் தாங்கிய சட்டம் எங்கோ முனகியது. முன்வரிசையில் ஒருவர் அதைக் கேட்டுக் கைதட்டினார். தம்பி தலையைத் திருப்பாமல் நின்றான், நெற்றியில் வியர்வை மின்னியது.

முழு வலு என்று தம்பி சொன்ன நேரத்தில் கோடு ஒருமுறை துள்ளியது. அவள் கை பொத்தானை அழுத்தப் போயிற்று. ஆனால் கோடு மறுபடி படுத்துவிட்டது. யாரோ மின்கம்பியைக் காலால் இடறியிருந்தார்கள். அதன்பின் அது அசையவே இல்லை. இயக்குநர் பேசி முடிக்கும்வரை, பேசி முடித்துவிட்டு மறந்துபோன ஒன்றை மறுபடி பேசும்வரை, அந்தச் சுருள் ஆனையைக் கட்டிவைத்த கம்பம் மாதிரி நின்றது. கூடமே எழுந்து கைதட்டியது.

நாடாக்கா சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். தான் படித்ததெல்லாம் பொய்யா, கை நிறையப் புள்ளி கலந்து கலந்து வீணடித்ததுதான் தன் வாழ்க்கையா என்று நினைத்தாள். ஆனால் அந்த நினைப்பு அவளைப் பெரிதாக வருத்தவில்லை. தம்பி மேடையில் நின்று நிரந்தர ஆணையை வாங்கிக்கொண்டிருந்தான், உயிரோடு. அதுபோதும் என்றிருந்தது.

எல்லாம் முடிந்து வண்டி நிறுத்துமிடத்துக்கு வந்ததும் தம்பி தலைக்கவசத்தை அவளிடம் நீட்டிக்கொண்டே மெல்லச் சொன்னான்.

"நீ சொன்னது ஒண்ணும் தப்பில்லக்கா. அந்தச் சுருள்ல இருக்கிறது உன் நாடா. சிவப்புத் தொட்டியிலேருந்து எடுத்தேன். பச்சை நாடா பூரா என் அலமாரியில கிடக்கு."

அவளுக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியதும் தலைக்கவசத்தாலேயே அவன் தோளில் ஓங்கி அடித்தாள். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல? நான் அங்க செத்துப் பொழைச்சேன்டா."

"சொல்லியிருந்தா உன் மூஞ்சியே காட்டிக் குடுத்திருக்கும். நீ பயந்துக்கிட்டு அலைஞ்சதாலதான் யாருக்கும் சந்தேகம் வரல." பிறகு வண்டியைக் கிளப்புவது போல் கீழே குனிந்துகொண்டு சொன்னான். "அன்னிக்கு ஆத்தாமைன்னு சொன்னேன் பாரு, அது தப்புக்கா. சொன்ன அன்னிக்கே எனக்குத் தூக்கம் வரல."

அவள் அங்கேயே, வண்டிகளுக்கு நடுவில், வாய்விட்டு அழுதாள். இந்த முறை வெங்காயம் இல்லை.

அடுத்த வாரம் அவளுக்கு விருது வந்தது. காட்சிக்குப் பிறகு தரத் தலைவர் சிவப்புத் தொட்டியை எட்டிப் பார்த்திருக்கிறார், அடிவரை காலி. தொட்டி காலி என்றால் குறை ஒழிந்துவிட்டது என்று பொருள். அதிகமாகத் தொட்டியை நிரப்பிக்கொண்டிருந்தவள் திருந்திவிட்டாள் என்றும் பொருள். கண்ணாடியில் செய்த கோப்பை ஒன்றை எல்லோர் முன்னிலையிலும் கொடுத்தார்கள். அதற்குள் காற்றுக்குமிழி ஒன்று இருப்பதைத் தரத் தலைவர் கண்டுபிடித்து, மாற்றித் தருவதாகச் சொல்லி உடனே திரும்ப வாங்கிக்கொண்டார்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம்தான். ஆனால் அதே மேடையில் இன்னொரு அறிவிப்பும் வந்தது. காட்சி வெற்றியைப் பார்த்து மகிழ்ந்த விருந்தினர், மருத்துவமனை ஒன்றுக்குப் பெரிய காந்தம் செய்யச் சொல்லிவிட்டார்கள். நோயாளியை உள்ளே படுக்கவைத்து மூளையைப் படம் பிடிக்கும் காந்தம். பத்துப் பன்னிரண்டு சுருள்கள், எல்லாமே பச்சை முத்திரை நாடாவில்.

அன்று மாலை அக்காவும் தம்பியும் சமையலறையில் அடுப்பைப் பற்றவைக்காமலே உட்கார்ந்திருந்தார்கள். ஒரு சுருளுக்குத் தொட்டியில் இருந்தது போதுமாக இருந்தது. இத்தனைக்கு எங்கே போவது? தவிர உள்ளே படுக்கப்போகிறவர்கள் யார் பெற்ற பிள்ளைகளோ.

"சொல்லிடலாம்க்கா," என்றான் தம்பி. "நிரந்தரம் போனா போவுது. அவ அப்பாகிட்ட நான் பேசிக்கறேன்."

அவன் முகம் வெளுத்திருந்தது. அவனைத் தடுக்க அவளுக்கு வாய் வந்தது, தடுக்கவில்லை.

இயக்குநர் அறையில் தரத் தலைவரும் இருந்தார். தம்பி ஒளிவுமறைவில்லாமல் எல்லாவற்றையும் கொட்டினான். வேண்டுமானால் சுருளைப் பிரித்துப் பார்க்கச் சொன்னான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நாடாக்கா, தம்பியின் வேலை போகிற சத்தத்துக்காகக் காத்திருந்தாள்.

தரத் தலைவர்தான் முதலில் பேசினார். "சுருளைப் பிரிக்கணும்னா அதுல குறை இருக்கணும். அது முழு வலுவுல நின்னுச்சு. குறை இல்லாததைப் பிரிக்க விதியில்லை."

"குறை இல்ல சார், புள்ளி இருக்கு. அதனாலதான் நின்னுச்சு," என்றாள் அவள்.

"புள்ளி இருந்தா நான் நிராகரிச்சிருப்பேன்."

"நீங்க நிராகரிச்ச நாடாதான் சார் அது!"

அவர் சற்று யோசித்தார். "நான் நிராகரிச்சது வேலை செய்யுதுன்னா, என் பரிசோதனையில குறைன்னு ஆகும். என் பரிசோதனையில குறையில்லை, அதைத் தினம் காலையில எல்லார் முன்னாடியும் சொல்றேன். அதனால உன் தம்பி தொட்டியிலேருந்து எதையும் எடுக்கல."

இயக்குநர் நிம்மதியாக மூச்சுவிட்டார். தம்பியின் தோளில் கைபோட்டு, பெரிய வெற்றிக்குப் பிறகு இளைஞர்களுக்கு இந்த மாதிரிக் குழப்பம் வருவது சகஜம் என்றார். திருடவே இல்லாதவனைத் தண்டிக்கவும் முடியாது, ஆனால் திருடியதாகக் கற்பனை செய்துகொள்கிறவனைச் சும்மா விடவும் கூடாது. கடைசியில் அதற்கொரு சிகிச்சை கண்டுபிடித்தார்கள். சுருள் சுற்றும் வேலையோடு, சிவப்புத் தொட்டியின் சாவியும் பொறுப்பும் இனிமேல் அவனுடையது. தினமும் கிட்டத்திலிருந்து பார்த்தால் கற்பனை தெளிந்துவிடும் என்றார்கள்.

வெளியே வந்ததும் தம்பி சாவியைச் சுண்டிப் பிடித்தான். "நீ பண்ண வேண்டியது ஒண்ணுதான்க்கா. நிறைய நிராகரிப்பு வாங்கு."

அப்புறம் நடந்தது இதுதான். நாடாக்கா இராப்பகலாகப் புள்ளி நாடா செய்தாள். முத்திரை சிவப்பாக விழும்வரை அவளுக்கு நெஞ்சு படபடக்கும். விழுந்ததும்தான் தண்ணீர் இறங்கும். தொட்டி நிறைந்தது. ஒவ்வொரு மாதமும் அவளைக் கூப்பிட்டு, விருது வாங்கியவள் இப்படிச் சீரழிந்துவிட்டாளே என்று எச்சரித்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள். தம்பி தொட்டியிலிருந்து அவளுடைய நாடாவை எடுத்துச் சுற்றி, அதன் சிவப்பு முத்திரைச் சீட்டைப் பச்சை நாடாவில் மாட்டி அந்த இடத்தில் போட்டுவைத்தான். ஒவ்வொரு சுருளாக ஏறிக்கொண்டிருந்தது. கடைசி இரண்டு சுருள்கள்தான் பாக்கி.

அப்போதுதான் தரத் தலைவர், அழிப்பதற்கு முன் தொட்டியில் திடீர்ப் பரிசோதனை நடத்தப்போவதாகச் சொல்லிக்கொண்டு இயக்குநரையும் குழுவையும் கூட்டி வந்தார். தம்பி சாவியைக் கொடுத்தான். அவன் காதுமடல் சிவந்து போயிருந்ததை அக்கா மட்டும் கவனித்தாள். தரத் தலைவர் தன் கையாலேயே ஒரு நாடாவை எடுத்து, நுனியை வெட்டி, நுண்ணோக்கியில் வைத்தார். எல்லோரும் அதன் திரையைப் பார்த்தார்கள்.

பளிங்கு. ஒரு புள்ளி இல்லை. அடுத்ததை எடுத்தார், அதுவும் பளிங்கு. அதற்கடுத்ததும். தரத் தலைவரின் முகத்தில் ரத்தம் வற்றிக்கொண்டே வந்தது. குறையற்ற நாடாவை அவர் நிராகரித்திருக்கிறார், அல்லது யாரோ மாற்றியிருக்கிறார்கள். அவருடைய பார்வை மெதுவாகத் தம்பியின் பக்கம் திரும்பியது. அன்று அறையில் கேட்டதெல்லாம் அவருக்கு நினைவுக்கு வருவது நன்றாகவே தெரிந்தது. நாடாக்கா தம்பியின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

தரத் தலைவர் வாயைத் திறப்பதற்குள் இயக்குநர் முந்திக்கொண்டார். அவர் குரல் தழுதழுத்தது.

"இத்தனை வருஷக் கனவு," என்றார். "மத்த நிறுவனங்கள்ல உற்பத்தியில குறையில்லாம பார்த்துக்கறாங்க. நம்ம கழிவுலகூடக் குறையில்லை!"

குழு கைதட்டியது. தரத் தலைவர் தம்பியைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார், கைதட்டும் கூட்டத்தைப் பார்த்தார். கடைசியில் அவரும் கைதட்டினார், எல்லோரையும்விடச் சத்தமாக. அந்த உற்சாகத்திலேயே உத்தரவும் பிறந்தது: கழிவே இத்தனை தரமாக இருக்கும்போது அதை அழிப்பது பாவம். இன்றைக்கு மேல் சிவப்புத் தொட்டியில் விழும் நாடா முழுவதும் நேராக மருத்துவமனைக் காந்தத்துக்குப் போக வேண்டும்.

தம்பி கைதட்டிக்கொண்டே, உதடு அசையாமல் அவள் காதருகில் சொன்னான். "இப்ப தொட்டியில கிடக்கிற பச்சை நாடாவை மட்டும் எடுத்து அலமாரியில போட்டுடறேன். நாளையிலேருந்து நான் ஒண்ணும் திருட வேண்டாம்க்கா. நீ நிராகரிக்கப்பட்டா போதும், அதுல உன்னை அடிச்சுக்க ஆளே இல்ல."

மறுநாள் காலை உறுதிமொழியில் யாரும் தும்மவில்லை. நாடாக்கா அன்றுதான் வாயசைப்போடு நிறுத்தாமல், என் நாடாவில் குறையில்லை என்று வரிசையே திரும்பிப் பார்க்கும்படி உரக்கச் சொன்னாள். பிறகு தன் பூச்சறைக்குப் போய்ப் புள்ளிப்பொடி ஜாடியின் மூடியைத் திறந்தாள்.